கிருமி செத்தாலும் விஷம் தங்கும்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

வார்டு அக்கா:
முப்பது வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். இன்றைக்கும் வீட்டில் யாராவது தட்டைக் கீழே போட்டால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். காரணம் ஒரு டெட்டனஸ் நோயாளி.

விவசாயி, நாற்பது வயதிருக்கும். காலில் கருவேல முள் ஏறியது, அவரே ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு மறந்தும் போனார். பத்து நாள் கழித்து வாயைத் திறக்க முடியவில்லை. பல் கோளாறு என்று பல் டாக்டரிடம்தான் முதலில் போயிருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது முள் குத்திய இடமே தெரியவில்லை. கிருமி அந்தச் சின்னப் புண்ணிலேயே உட்கார்ந்துகொண்டு, விஷத்தை மட்டும் நரம்பு வழியாக மேலே அனுப்பியிருந்தது. இறுகிய தசையைத் தளரச் சொல்ல தண்டுவடத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. இந்த விஷம் அதன் வாயை அடைத்துவிடும். அப்புறம் இறுகியது இறுகியதுதான்.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, கோடியில் இருந்த அறையில் படுக்க வைத்தோம். வெளிச்சம், சத்தம், தொடுவது எதுவும் ஆகாது. ஒருநாள் வராந்தாவில் யாரோ எவர்சில்வர் டிரேயைத் தவறவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு அவர் உடம்பு வில்லாக வளைந்து, பின்னந்தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் பட நின்றது. நினைவு முழுசாக இருந்தது, அதுதான் கொடுமை. எதிர்விஷ ஊசி போட்டிருந்தோம். ஆனால் அது வெளியில் திரிகிற விஷத்தைத்தான் பிடிக்கும், நரம்புக்குள் போய்விட்டதைத் தொடாது. ஐந்து வாரம் கழித்துப் பிழைத்து எழுந்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது தடுப்பூசி போட்டோம். அவர் மனைவி கேட்டார்: "நோவே வந்து போயிடுச்சே, இன்னும் எதுக்கும்மா ஊசி?" நியாயமான கேள்வி. ஆளைக் கொல்லப் போதுமான விஷம்கூட, உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பைப் பழகிக்கொள்ளப் போதாது. அவ்வளவு துளி. (துருப்பிடித்த ஆணி குத்தினால் மட்டும் ஓடி வருபவர்களே, இந்தக் கிருமி குடியிருப்பது மண்ணிலும் சாணியிலும்.)

டெல்டாக்காரன்:
அக்கா, என்னுடையது சாப்பாட்டுக் கதை. தங்கையின் வளைகாப்பு. முந்தின ராத்திரியே பால் பாயசம் வைத்து இறக்கியாயிற்று. சமையலுக்கு ஒத்தாசையாக வந்தவருக்குக் கட்டைவிரலில் நகச்சுத்தி, சீழ் கோத்திருந்தது. அந்தக் கையாலேயே முந்திரியைப் போட்டு, அண்டாவின் விளிம்பையும் வழித்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன், ஒன்றும் தோன்றவில்லை. ராத்திரி முழுக்க அண்டா மூடியபடி கூடத்தில் இருந்தது. மறுநாள் தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் பரிமாறினோம்.

பன்னிரண்டு மணிக்குப் பந்தி. மூன்று மணிக்கெல்லாம் கொல்லைப்புறம் முழுக்க வாந்தி. காய்ச்சல் யாருக்கும் இல்லை. பெரியப்பா திருஷ்டி என்று பூசணிக்காய் வாங்க ஆள் அனுப்பிவிட்டார். டாக்டர் முதலில் கேட்டதே, "சாப்பிட்டு எத்தனை மணி நேரத்துல ஆரம்பிச்சது?" என்றுதான். அவர் சொன்னது: "கொதிக்க வெச்சதுல கிருமி செத்திருக்கும். ராத்திரி பூரா அது கக்கி வெச்ச விஷம் கொதியில சாகாது." நல்லவேளை, சர்க்கரை இருக்கிறது என்று தங்கை பாயசத்தைத் தொடவில்லை.

மைக்ரோபயாலஜி மாணவி:
பாயசத்தைப் படித்ததும் என் வைவா ஞாபகம் வந்தது. காலரா விஷத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டார்கள். ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக் என்றேன். வெளித்தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

கோக் கிருமியைப் பிடித்தவர். அது ஏதோ விஷத்தைச் சுரக்கிறது என்று 1884-இலேயே சந்தேகப்பட்டார், அவ்வளவுதான். நிரூபித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் டே, 1959-இல். காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத அந்த வடிநீரை முயலின் குடலில் இரண்டு பக்கமும் கட்டிய ஒரு துண்டுக்குள் செலுத்தினார். குடல் தண்ணீர் கோத்து உப்பியது. கிருமியே இல்லாமல் நோய்!

எனக்கு இதில் பிடித்தது அடுத்த கட்டம். அந்த விஷம் குடலை அரிப்பதில்லை, குழாயைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடல் அப்போதும் உறிஞ்சும். 1971-இல் மேற்கு வங்கத்துப் பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகாலனபிஸ் அதைக் குடிக்கக் கொடுத்தே சாவை நூற்றுக்கு முப்பதிலிருந்து நாலுக்குக் கீழே இறக்கினார். டேவுக்கு உயிரோடு இருந்தவரை ஊரில் பெரிய மரியாதை கிடைக்கவில்லை. அவர் பெயரை இனி மறந்தால் என் டிகிரியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

பழைய ஆள்:
எழுபதுகள். என் தம்பிக்கு ஐந்து வயது. தொண்டை அடைப்பான், டிப்தீரியா. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் ஆடை படிந்த மாதிரி இருந்தது. பென்சிலின் போட்டார்கள், தொண்டை தெளிந்தது, கஞ்சி குடித்தான். பத்தாம் நாள் எழுந்து திண்ணைக்கு நடந்தவன் அப்படியே சரிந்தான். இதயம். கிருமி தொண்டையைத் தாண்டவே இல்லை, அதன் விஷம்தான் இதயம் வரை போனது என்று டாக்டர் சொன்னது அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. இவ்வளவுதான் எழுத முடிகிறது.

புது அம்மா:
ஐயா, உங்களுடையதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

என் மகன் பிறந்த அன்று, சேனை வைக்க மாமியார் தேன் பாட்டிலுடன் வந்தார். ஒரு வயது வரை தேன் கூடாது என்று நர்ஸ் தடுத்துவிட்டார். தேனில் சில சமயம் பொட்டுலினம் கிருமி விதைபோல் உறங்கிக் கிடக்கும். பெரியவர்கள் குடலில் அது முளைக்காது, பச்சைக் குழந்தைக்கு முளைத்து விஷம் சுரக்கும். முதலில் மலம் கட்டும், அப்புறம் அழுகை மெலியும், தலை நிற்காது. "உன் புருஷனுக்கும் தேன்தான் வெச்சேன், நல்லாத்தானே இருக்கான்?" என்றார் அத்தை. இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

போன மாதம் அத்தைக்கு ஒரு பக்க முகம் இழுத்து இழுத்துத் துடிக்கிறது என்று நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் போட்டது போடாக்ஸ். அதே கிருமியின் விஷம்தான், மிகமிகச் சிறிய அளவில். துடிக்கிற தசைக்கு நரம்பின் உத்தரவு போகாமல் தடுக்கும். ஆட்டோவில் வரும்போது சொல்லிவிட்டேன். கொஞ்ச தூரம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தவர், "அப்ப துடிப்பு நின்னுடுமா?" என்று மட்டும் கேட்டார். ஒரு வாரத்தில் நின்றது. மூன்று, நாலு மாதத்தில் மறுபடி போட வேண்டுமாம். தேதியை அவரே காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.