‘அனெக்சேஷன்’: ஹவாய் பதிவுக்கு எந்தச் சொல்?

> 1898-இல் ஹவாய் அமெரிக்காவுடன் ‘இணைந்தது’ என்றே எழுதிவிடலாமா? ‘அனெக்சேஷன்’ என்பதற்கு, அதாவது ஒரு நாடு இன்னொரு நிலப்பகுதியைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதற்கு, தலைப்பில் ‘இணைப்பு’ போதும்தானே?

‘இணைந்தது’ வேண்டாம் ஐயா. தன்வினை போட்டால் தீவு தானாகப் போய்ச் சேர்ந்ததாகிவிடும். 1893 ஜனவரி 16 அன்று பாஸ்டன் போர்க்கப்பலிலிருந்து 162 அமெரிக்கப் படையினர் ஹொனலுலுவில் இறங்கினார்கள். மறுநாளே அரசி லிலியுகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. கவிழ்த்தவர்கள் 1894-இல் தங்களைக் குடியரசு என்று அறிவித்துக்கொண்டார்கள். அந்தக் குடியரசுதான் 1897-இல் இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

ஒப்பந்தத்துக்குச் செனட்டில் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும். ஹவாய் மக்களின் 21,269 கையெழுத்துகளோடு எதிர்ப்பு மனு வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது, ஒப்பந்தம் தேறவில்லை. அடுத்த ஆண்டு ஸ்பெயினோடு போர் மூண்டது. ஸ்பெயின் வசமிருந்த பிலிப்பைன்ஸின் மணிலாவுக்குப் போகும் கப்பல்களுக்கு நடுக்கடலில் நிலக்கரி ஏற்ற இடம் தேவைப்பட்டதும், ஒப்பந்தத்தை ஓரம்கட்டி, இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை போதுமான கூட்டுத் தீர்மானத்தைக் கையில் எடுத்தார்கள். கீழவையில் 209–91. ஜூலை 7-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மெக்கின்லி ஒப்பமிட, ஆகஸ்ட் 12-இல் இயோலானி அரண்மனையில் கொடி மாறியது.

எனவே, ‘ஆகோள்’ (பசுக்களைக் கவர்தல்; கோள் = கொள்ளுதல்) போல ‘நாடுகோள்’ என்று ஆக்கலாம் என்பது என் முன்மொழிவு.

---

சொல் அழகுதான். ஆனால் இரண்டு சிக்கல். இன்றைய வாசகருக்குக் ‘கோள்’ என்றால் செவ்வாயும் சனியும்தான், மிஞ்சினால் கோள்மூட்டல். அடுத்தது, ஆகோள் என்பதே பகைவர் ஆநிரையைக் கவர்வது; அதனால் பலவந்தம் என்ற பொருள் ஒட்டிக்கொள்ளும். டெக்சஸும் 1845-இல் இதே கூட்டுத் தீர்மான வழியில்தான் சேர்க்கப்பட்டது. அங்கே டெக்சஸ் தரப்பின் ஒப்புதல் இருந்தது. இரண்டுக்கும் ஒரே சொல் பொருந்த வேண்டுமே.

‘இணைத்துக்கொள்ளல்’ என்று வைப்போம். பிறவினை வந்துவிடுகிறது; ‘கொள்’ சேர்வதால் யார் தனக்காகச் செய்தது என்பதும் தெரிகிறது. பலவந்தமா இல்லையா என்பதைப் பதிவின் உடல் சொல்லட்டும்.

---

சரி, நீளம்தான் இடிக்கிறது. தலைப்பில் மட்டும் ‘இணைப்பு’, உள்ளே வினையாக ‘இணைத்துக்கொண்டது’ என்று வைக்கலாம். 1959-ஐ மட்டும் இதே சொல்லில் அடைக்காதீர்கள். 1900-இல் ஹவாய், மாநிலத் தகுதி இல்லாத அமெரிக்க ஆட்சிப்பகுதியானது. 1959 ஆகஸ்ட் 21-இல் நடந்தது ‘மாநிலமாக்கம்’. அதற்கு முன் ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். தனிநாடு என்ற தெரிவே சீட்டில் இல்லை. அதைக் காட்டி 1898-க்கு மக்கள் ஒப்புதல் இருந்ததாக எழுதுவது பிழை.