புதுப்பிப்பு: மலையும் பள்ளத்தாக்குமாக இரண்டு நாள் குதிரையில்

மாட்டுப் பண்ணை நிலங்கள் வழியாக சனி, ஞாயிறு குதிரையில் போகப் போகிறேன், சரிவில் இறங்குவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்று போன வாரம் இங்கே எழுதியிருந்தேன். நல்லபடியாகப் போய்விட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் சொன்னதில் பெரிய உதவி, சேணத்தின் வயிற்றுப் பட்டையைப் பற்றிய யோசனைதான். கட்டும்போது குதிரை உடம்பை விறைத்து உப்பிக்கொள்ளும், கொஞ்ச தூரம் நடந்ததும் பட்டை தளர்ந்துவிடும் என்றீர்கள். பத்து நிமிடத்தில் இறங்கிப் பார்த்தால் நான்கு விரல் தாராளமாக உள்ளே போனது! இரண்டு துளை இறுக்கினேன்.

ஏற்றத்தில் முன்னால் சாய்ந்து பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டேன். இறக்கத்தில் குதிகாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, கடிவாளத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டதும் அது தலையைத் தாழ்த்தி, பாதையைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு கல்லாகத் தானே கால் வைத்து இறங்கியது, அதன் தோள்கள் மாறி மாறி அசைவது என் முழங்கால் வரை தெரிந்தது, அங்கேதான் பயம் போனது.

அப்புறம், வேலிக் கதவுகள். மூடியிருந்ததை மூடிவிட்டும், திறந்திருந்ததைத் திறந்தபடியும் விட்டுவந்தோம். இல்லையென்றால் மாடுகள் மந்தை மாறிவிடும், தண்ணீருக்குப் போகும் வழியும் அடைபடும்.

உள்தொடை இன்னும் வலிக்கிறது. சரி, அடுத்த மாதமும் போகிறேன்.