சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்): தொடைக்கு மின்தூண்டல் எந்த அளவில்?

சித்தூர் பிசியோ: பாலக்காடு சித்தூர்ல வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற பெரியவர். சிஓபிடி முற்றிப்போச்சு. கட்டில்லேர்ந்து பாத்ரூம் போறதுக்குள்ள மூச்சு வாங்குது, நடைப்பயிற்சிக்கு வழியில்லை. அதனால கரண்ட் கொடுத்து தொடைச் சதைக்குப் பலம் ஏத்தலாம்னு பார்க்கிறேன். வீட்ல டென்ஸ் மெஷின் இருக்கு, அதுவே போதுமா?

கொல்லங்கோட்டான்: போதாது சார், டென்ஸ் வலிக்கானது. என்எம்இஎஸ் வேணும், அதாவது சதையையே சுருங்க வைக்கிற மின்தூண்டல். 50 ஹெர்ட்ஸ், பல்ஸ் 350 மைக்ரோசெகண்ட், இரு தொடைக்கும் அரை மணி நேரம், வாரம் 5 நாள், 6 வாரம். முதல் வாரம் 2 விநாடி கரண்ட், 18 விநாடி ஓய்வு. அடுத்த வாரம் 5-க்கு 25. பிறகு 10-க்கு 30. பெரிய பேட்: ஒன்று தொடை மேல் வெளிப்பக்கம், மற்றது முட்டிக்கு மேல் உள்பக்கச் சதையில். கணுக்காலை நாற்காலிக் காலோட பெல்ட்டால கட்டுங்க, இல்லாட்டி கால் உதறும். வெறும் குறுகுறுப்பு கணக்கில்லை. முட்டிச்சில்லு மேலே இழுபடணும். பழகப் பழக கரண்ட் அளவை ஏற்றணும். பலர் முதல் நாள் அளவிலேயே நிறுத்திட்டு மெஷினைக் குறை சொல்றாங்க!

நெம்மாரா: தேங்காயெண்ணெய் தேய்ச்ச தொடையில பேட் ஒட்டாது. ஓரம் தூக்கினா கரண்ட் ஒரே இடத்தில குவிஞ்சு எரியும். சோப்பு போட்டுக் கழுவித் துடைங்க. பேஸ்மேக்கரோ, கால் ரத்தக்குழாயில ரத்தம் உறைஞ்ச கட்டியோ இருந்தா வேண்டாம்.

சித்தூர் பிசியோ: பேஸ்மேக்கர் இல்லை. நிறுத்தினா பலன் நிக்குமா?

கொல்லங்கோட்டான்: நிக்காது, சில வாரத்துல குறைஞ்சுடும். பலம் ஏறின உடனே நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரவைக்க ஆரம்பிச்சுடுங்க.