மார்கழி எச்சிலும் 'கடுப்பு' என்ற சொல்லும்: வளரிளம் பருவ உணர்வு ஆய்வில் கண்டவை

மயிலாடுதுறை, தொடங்கி வைப்பவர்:
வளரிளம் பிள்ளைகளின் உணர்வை அளக்கப் போனால் உடம்பு ஒன்று சொல்கிறது, பிள்ளை வேறொன்று சொல்கிறது, வகுப்பாசிரியர் மூன்றாவதாக ஒன்று சொல்கிறார். டெல்டா பள்ளிகளில் இந்த மூன்றும் முட்டிக்கொள்ளும் இடங்களை எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். எது கெடுகிறது, ஏன் கெடுகிறது, அது போதும்.

தஞ்சாவூர், களப்பணி:
எச்சிலில் கார்டிசால் (மன அழுத்தத்தில் கூடும் ஹார்மோன்) பார்ப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை மணிக்கு எழுந்தே?" என்பதைத்தான். கண் விழித்த 30 முதல் 45 நிமிடத்துக்குள் கார்டிசால் உச்சிக்குப் போகும். அதன்பிறகு நாள் முழுக்க இறக்கம்தான்.

மார்கழியில் என்ன ஆகிறது பாருங்கள். அக்கா 5 மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள். தம்பி 7:30க்குத்தான் போர்வையை விடுகிறான். இருவருக்கும் பள்ளியில் 9:30க்கு மாதிரி எடுக்கிறோம். அவள் எழுந்து நாலரை மணி நேரம் ஆயிற்று, அவன் எழுந்து இரண்டு மணி நேரம். அவள் அளவு குறைவாக வரத்தான் செய்யும். "மாணவிகளுக்கு மன அழுத்தம் குறைவு" என்று அறிக்கை எழுதினால், எழுதியது கோலத்தைப் பற்றி. அதனால் மாதிரிக் குப்பியில் இரண்டு நேரம் எழுதுங்கள்: எழுந்தது, எடுத்தது. கணக்குப் போடும்போது கடிகார நேரத்தை விட, எழுந்ததிலிருந்து கடந்த நேரமே முக்கியம்.

விழிப்பு உச்சியையே அளக்க வேண்டுமானால் வீட்டில் எழுந்தவுடன், 30ஆம் நிமிடம், 45ஆம் நிமிடம் என மூன்று எடுக்க வேண்டும். பிள்ளைகள் மூன்றையும் பேருந்துக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரே மூச்சில் துப்பிவிட்டு, தாளில் ஒழுங்காக நேரம் போட்டுக்கொண்டு வருவார்கள். கால் மணி நேரம் தவறினாலே வளைவு மாறிப்போகும். அம்மாவின் போனில் கடிகாரத்தோடு குப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். அதற்கு வழியில்லாத வீடுகளில் விழிப்பு உச்சியைக் கைவிட்டுப் பள்ளி மாதிரியோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

எடுக்கும் முறை: சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். 10 நிமிடம் முன்னால் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். தலையைக் குனிந்து, வாயில் ஊறும் எச்சிலைக் குழல் வழியே தானாக வழிய விட வேண்டும். நுரையைக் கணக்கில் சேர்க்காமல் 1 மில்லி போதும். காறித் துப்பச் சொன்னால் சளி வரும். பல் துலக்கிய கையோடு எடுத்தால் ஈறிலிருந்து ரத்தம் கலக்கும். இளஞ்சிவப்பாக இருந்தால் அந்தக் குப்பி வேண்டாம். பஞ்சில் ஊற வைத்து எடுக்கும் முறை கார்டிசாலுக்கு ஒப்பேறலாம். டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ராடியோல் என்ற பாலின ஹார்மோன்களும் பார்ப்பதாக இருந்தால் பருத்திப் பஞ்சு அளவையே குழப்பிவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எடுத்ததும் ஐஸ் பெட்டி, மாலைக்குள் மைனஸ் 20 டிகிரி. உருகிய பின் மையவிலக்கில் சுற்றிச் சளியைக் கீழே இறக்கிவிட்டுத்தான் சோதனைக்குப் போக வேண்டும்.

கும்பகோணம்:
ஒரு சேர்க்கை. எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகள் டிகிரி காபி குடித்துவிட்டுத்தான் பள்ளிக்கே வருகிறார்கள். காபியின் கஃபீன் கார்டிசாலை ஏற்றும், பால் வாயில் தங்கினால் சோதனையையே குழப்பும். பழைய சோற்றுக்குத் தொட்ட எலுமிச்சை ஊறுகாய், இடைவேளையில் கடித்த நெல்லிக்காய், இவற்றின் புளிப்பும் அப்படியே. "காபி குடிச்சியா?" என்றால் "இல்ல மிஸ்" என்பார்கள். "இன்னிக்குக் காலைல என்னென்ன வாயில போட்டே?" என்று கேளுங்கள், எல்லாம் வரும்.

திருவாரூர், பள்ளி ஆலோசனை:
உடம்பை விட்டு வார்த்தைக்கு வருகிறேன். கேள்வித்தாள் கெடுவது பெரும்பாலும் மொழிபெயர்ப்பில். 'மனச்சோர்வு' என்று போட்டால் பிள்ளை 'சோர்வு' என்பதை மட்டும் படித்து, களைப்பு என்று எடுத்துக்கொள்கிறது. 'பதற்றம்' என்றால் செய்தியில் வரும் ஊர்ப் பதற்றம். 'கடுப்பு' என்பது பாட்டிக்கு வயிற்று நோவு, பேரனுக்கு எரிச்சல். வயதுக்கு வயது ஒரே சொல் இடம் மாறுகிறது. முன்னோட்டத்தில் ஒவ்வொரு கேள்வியையும் "இத உன் ஃப்ரெண்டுக்கு எப்படிச் சொல்லுவே?" என்று கேட்டு, வரும் விடையை எழுதி வைத்து ஒப்பிடாமல் எந்தத் தாளையும் இறக்காதீர்கள்.

"உனக்கு என்ன ஃபீலிங்?" என்று நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். உடம்பு வழியாகப் போனால் வாய் திறக்கும். நம் மொழியே அப்படித்தான்: வயித்தக் கலக்குது, நெஞ்சு படபடங்குது, கைகால் வெலவெலத்துப் போச்சு, தலை கனக்குது. ஒரு மனித உருவக் கோட்டுப் படம், இரண்டு கலர் பென்சில், 10 நிமிடம். எங்கே தெரிந்தது, எப்போது, அப்போது என்ன செய்தாய் என்ற வரிசையில் கேட்டுவிட்டு, கடைசியில்தான் அதற்கு என்ன பெயர் வைப்பாய் என்று கேட்க வேண்டும். உடல் மாற்றத்தை உணர்வதே உணர்ச்சி என்று 1884இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் வாதிட்டதை உடலியலாளர் வால்டர் கேனன் 1927இல் மறுத்தார். கோட்பாட்டில் யார் பக்கம் நின்றாலும், கேட்கும் வரிசைக்கு ஜேம்ஸ்தான் கை கொடுக்கிறார்.

மனச்சோர்வை அளக்க, கடந்த இரண்டு வாரம் பற்றிக் கேட்கும் 9 கேள்வித் தாளில் 'சில நாட்கள்', 'பாதிக்கு மேற்பட்ட நாட்கள்' என்ற வித்தியாசம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிடிபடுவதில்லை. 14 வட்டம் வரைந்து கொடுத்து நிறம் தீட்டச் சொல்லுங்கள். ஒரே பெஞ்சில் மூன்று பேரை உட்கார வைத்தால் நடுவில் இருப்பவரின் விடை மூவருக்கும் வரும்.

அப்புறம் ஆசிரியர் தாள். பிள்ளையின் நடத்தையும் உணர்வும் பற்றி ராபர்ட் குட்மேன் 1997இல் வெளியிட்ட 25 கேள்விப் பட்டியலில் பிள்ளைக்குத் தனித் தாள், ஆசிரியருக்குத் தனித் தாள். சேட்டை செய்பவனை ஆசிரியர் சரியாகப் பிடித்துவிடுவார். மூன்றாவது வரிசையில் வாய் திறக்காமல் இருக்கும் பெண்ணுக்கு 'நல்ல அமைதியான பொண்ணு' என்று பூஜ்யம் போடுவார். இரண்டு தாளையும் கூட்டிச் சராசரி எடுப்பது எனக்கு ஒப்பவே ஒப்பாது. பிள்ளை தந்த மதிப்பெண் உயர்ந்து ஆசிரியர் தந்தது தாழ்ந்து இருக்கும் பெயர்களைத் தனியாக எடுத்து, முதலில் அவர்களோடு பேசுங்கள்.

நாகப்பட்டினம், செவிலியர்:
பேசுவதற்கு முன்னால் ஹீமோகுளோபின் பாருங்கள். களைப்பு, படபடப்பு, எரிச்சல், பாடத்தில் கவனம் நிற்காமை, இத்தனையும் ரத்தசோகையிலும் வரும், மனச்சோர்விலும் வரும். 12 வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைக்கு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. பையன்களுக்கு 15 வயதிலிருந்து வரம்பு 13. வாராந்தர இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டல் வந்தால் அடுத்த வாரத்து மாத்திரை ஜன்னல் வழியே போய்விடும். "போன மாசம் எத்தனை மாத்திரை முழுங்கினே?" என்பதும் ஆய்வுக் கேள்விதான்.

பூப்படைந்த தேதி கேட்கும்போது அம்மா சொல்வது பல நேரம் மஞ்சள் நீராட்டு விழாத் தேதி. மண்டபமும் தாய்மாமனும் அமைந்த பிறகு வைப்பது அது, சில மாதம்கூடத் தள்ளியிருக்கும். "மொத தண்ணி ஊத்தினது எப்போ?" என்று கேளுங்கள். மற்றவர்களைவிடச் சீக்கிரம் பூப்பெய்தும் பெண்களுக்கு மனச்சோர்வு வாய்ப்புக் கூடுதல் என்பதால் இந்தச் சில மாதமும் கணக்கில் இடிக்கும். பருவ வளர்ச்சிப் படிகளை உடல் உருவமாகக் காட்டும் டானர் படங்களைப் பள்ளியில் காட்டினால் மறுநாள் ஊரே திரளும். படம் இல்லாத, 1988இல் பீட்டர்சன் குழு வெளியிட்ட பருவ வளர்ச்சிக் கேள்விகள் போதும்.

மன்னார்குடி:
இதயத்துடிப்பு மாறுபாடு, அதாவது துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி மாறுவது, பற்றி யாரும் எழுதவில்லை. சைக்கிள் மிதித்து வந்தவரை 10 நிமிடம் உட்கார வைத்துவிட்டு, 5 நிமிடப் பதிவு. பேசக்கூடாது, காலாட்டக்கூடாது. துடிப்பைப் பதியும் மார்புப் பட்டையின் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைக்காவிட்டால் வருவது வெறும் இரைச்சல். மாணவிகளுக்குப் பெண் பணியாளரும் தாழ்ப்பாள் உள்ள அறையும் வேண்டும், கிடைக்காவிட்டால் காதில் மாட்டும் கிளிப்பு.

தஞ்சாவூர், களப்பணி:
ஒப்புதல் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி 12 முதல் 18 வயதுவரை பிள்ளையின் இசைவும் எழுத்தில் வேண்டும், பெற்றோர் ஒப்புதல் தனி. குறுவை நடவு நேரத்தில் அம்மா விடியற்காலையே வயலுக்குப் போய்விடுவார், இரவு 7க்கு மேல் போங்கள். கைநாட்டு வைப்பவருக்குப் படிக்கத் தெரிந்த, ஆய்வுக் குழுவில் இல்லாத சாட்சி ஒருவர் வேண்டும். "நீ சொல்றத யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் துன்புறுத்தல் தெரிய வந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகார் சொல்லியே ஆக வேண்டும். அதை முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

திருவாரூர், பள்ளி ஆலோசனை:
விட்டுப்போனது ஒன்று. அந்த 9 கேள்வித் தாளின் கடைசிக் கேள்வி, செத்துவிடலாமா என்ற எண்ணம் பற்றியது. பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் அன்றைக்கே அந்தப் பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும். அதனால் தாளை வெள்ளிக்கிழமை மாலையில் கொடுக்காதீர்கள். செவ்வாய் காலை கொடுத்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் கடைசிக் கேள்வியை மட்டும் ஒருவர் புரட்டிப் பார்த்துவிட வேண்டும். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐயும் குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் எல்லாத் தாளிலும் அச்சடித்துவிடுங்கள். தேவைப்படும் பிள்ளைக்கு மட்டும் தனிச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பக்கத்துப் பெஞ்சுக்குத் தெரிந்துவிடும்.