குழந்தைகள் வார்டு நர்ஸுக்குப் பகுதி நேர வேலை கிடைக்குமா?

வணக்கம் சிஸ்டர்ஸ். மதுரையில் இருக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் முடித்து கவுன்சில் பதிவும் வைத்திருக்கிறேன். தனியார் மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் 6 வருடம் வேலை பார்த்தேன். மகன் பிறந்ததும் விட்டுவிட்டேன். அவனுக்கு இப்போது 2 வயது.

காலை 8 முதல் மதியம் 1 வரை என்றால் மாமியார் அவனைப் பார்த்துக்கொள்வார். கேட்ட இடத்தில் எல்லாம் "நைட்டும் வரணும்" என்கிறார்கள். ஒரு இடத்தில் பாதி நேரத்துக்குக் கால்வாசிச் சம்பளம்! சரி, யோசிக்கிறேன் என்று வந்துவிட்டேன்.

கை மறந்திருக்குமோ என்றும் ஒரு பயம். முன்பெல்லாம் வீறிட்டு அழும் குழந்தையின் புறங்கையில் மஞ்சள் கேனுலாவை, அதுதான் நரம்பில் மருந்து ஏற்றும் மெல்லிய 24 கேஜ் குழாயை, ஒரே குத்தில் ஏற்றிவிடுவேன். எடை பார்த்து மருந்தை இரண்டு முறை கணக்குப் போடும் பழக்கம் மட்டும் போகவில்லை. மகனுக்குப் பாராசிட்டமால் சிரப் என்றாலும், பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மி.கி.யா 250 மி.கி.யா என்று பார்க்காமல் மூடியைத் திறக்க மாட்டேன். வீட்டில் கிண்டல்தான்.

குழந்தை டாக்டர் கிளினிக்குகளில் தடுப்பூசி போடப் பகுதி நேரமாக எடுப்பார்களா? சம்பளத்தை மணிக்குப் பேசுவதா, ஷிப்டுக்கா? அப்புறம், இந்த 2 வருட இடைவெளியை நேர்காணலில் எப்படிச் சொன்னீர்கள்? அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.