பாகூர் வித்யாஸ்தானம்: மாணவர் 340ஆ, 260ஆ?

ஏரிக்கரை:
பள்ளிக் கண்காட்சிக்குப் பாகூர் வித்யாஸ்தானம் (புதுச்சேரிப் பாகூரில் இருந்த பழைய கல்விக்கூடம்) பற்றி ஒரு அட்டை தயாராகிறது. 340 மாணவர் என்று ஒரு குறிப்பு, 260 என்று இன்னொன்று, '14 துறை' என்று மற்றொன்று. எதை எழுதுவது? மாணவருக்கு அளந்த நெல் கணக்கையும் காட்ட வேண்டும்.

கல்வெட்டுக்காரர்:
மூன்று ஊர்ச் செய்தி கலந்துவிட்டது சார். 340 என்பது விழுப்புரம் பக்கம் உள்ள எண்ணாயிரம் என்ற ஊரின் கணக்கு, சோழன் முதலாம் ராஜேந்திரன் காலம். 260 மாணவரும் 12 ஆசிரியரும் நம் திருபுவனையில், ராஜாதிராஜன் காலம், 1048. பாகூர் இவற்றுக்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டில், பல்லவ நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு. நிலைதாங்கி என்பவர் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களை வித்யாஸ்தானத்துக்குக் கொடுத்தார். அதில் தலைக்கணக்கு கிடையாது. ஆகவே பாகூர் அட்டையில் மாணவர் எண்ணிக்கையே போட வேண்டாம்.

14 என்பது வித்தைகள்: வேதம் 4, வேதத்தின் துணை நூல்களான அங்கம் 6, மீமாம்சை, நியாயம், புராணம், தர்மசாஸ்திரம். 14 ஆசிரியர் என்று எழுதினால் தவறு. 14 ஆசிரியர் என்ற எண்ணிக்கை எண்ணாயிரத்துக்கு உரியது. இவை வேதக் கல்விக்கான இடங்கள். ஊரார் எல்லாருக்குமான பள்ளி என்றும் எழுதிவிடாதீர்கள்.

மரக்கால்:
நெல்லுக்கு எண்ணாயிரத்தை எடுங்கள், அங்கேதான் விவரம் தெளிவு. இளைய மாணவர் 270 பேருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 6 நாழி, மூத்தவர் 70 பேருக்கு 1 குறுணி 2 நாழி. 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். ஆக 1,620 + 700 = 2,320 நாழி. 96ஆல் வகுத்தால் நாளுக்கு 24 கலம் 2 குறுணி. இதைக் கிலோவாக மாற்றும்போதுதான் எல்லாரும் தவறுகிறார்கள். அன்றைய நாழி இன்றைய படி அல்ல, ராஜகேசரி, ஆடவல்லான் என்று முகத்தலளவைக்கே தனிப் பெயர்கள் இருந்தன. கலத்திலேயே காட்டுங்கள்.

ஏரிக்கரை:
மிக்க நன்றி. கடலூர்ப் பக்கம் சேர்க்க ஏதாவது உண்டா?

கெடிலம்:
திருப்பாதிரிப்புலியூரைக் கட்டாயம் சேருங்கள். பாடலிகா என்ற இந்த ஊர்ச் சமண மடத்தில் சர்வநந்தி என்ற முனிவர், உலக அமைப்பைச் சொல்லும் லோகவிபாகம் என்ற சமண நூலைச் சக ஆண்டு 380இல் முடித்தார். 78 கூட்டுங்கள், கி.பி. 458. அதுவே காஞ்சிப் பல்லவ மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு என்றும் அந்நூல் சொல்கிறது. பல்லவர் காலத்தைக் கணிக்க இந்த இரட்டைக் குறிப்பு பெரிய பிடிமானம். பாகூருக்கு நானூறு ஆண்டு முந்தியது, அதனால் இதைத் தனி அட்டையில் வையுங்கள்.