கலைச்சொல்: வெட்டிய புரதத் துண்டு உதிரியா, கரணையா?

சுங்கை சிப்புட்டிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

மருத்துவ ஆய்வுக்கு இரத்தம் கொடுக்கும் தோட்டப்புற மக்களுக்கான தமிழ் விளக்கத்தாளில் ஒரு சொல் இடிக்கிறது. மூலக்கூறுகளின் பொருண்மையை அளக்கும் கருவியின் (mass spectrometer) பெயரில் சிக்கலில்லை. தமிழ்ப்பள்ளிக் கணிதப் பாடத்திலேயே பொருண்மை இருக்கிறது, ஆகவே 'பொருண்மைமானி' போதும். 'நிறமாலை' என்று நீட்ட வேண்டாம், அதில் நிறம் எதுவும் இல்லை. கருவிக்குள் போகும் பொருளுக்குத்தான் பெயர் தேவை.

பெரும்பாலும் புரதத்தை முழுதாக அனுப்புவதில்லை. 8 மோலார் யூரியாவில் அதன் மடிப்பைக் குலைக்கிறோம். டி.டி.டி. (DTT) என்ற வேதிப்பொருள் கந்தகப் பிணைப்புகளை அவிழ்க்கும். அவை மீண்டும் சேராதபடி அயோடோ அசிட்டமைடை ஊற்றி அரை மணி நேரம் இருட்டில் வைக்கிறோம். பிறகு யூரியாவை 1 மோலாருக்கு நீர்த்து, 50 மைக்ரோகிராம் புரதத்துக்கு 1 மைக்ரோகிராம் டிரிப்சின் நொதி வீதம் சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க விட வேண்டும். லைசின், அர்ஜினின் ஆகிய இரண்டு அமினோ அமிலங்களை அடுத்து மட்டும் புரதச் சங்கிலி வெட்டுப்படும். அந்தத் துண்டுக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

குட்டையான அமினோ அமிலச் சங்கிலியைக் குறிக்கும் 'பெப்டைடு' போதாது. சி-பெப்டைடு போலக் கணையமே இரத்தத்தில் விடும் பெப்டைடுகள் உண்டு. உடல் செய்ததையும் நாம் வெட்டியதையும் ஒரே சொல்லால் அழைத்தால் படிப்பவர் குழம்புவார்.

என் பரிந்துரை 'உதிரி'. எண்ணெய் தரும் செம்பனைக் குலையை ஆலையில் நீராவியில் அவித்து, உருளையில் சுழற்றிப் பழத்தை உதிர்ப்பதுபோல் யூரியா இளக்குகிறது, டிரிப்சின் பிரிக்கிறது. இந்த ஊரில் உதிரிப்பழம் தெரியாதவர் கிடையாது.

ஈப்போவிலிருந்து:

வணக்கம் ஐயா. மண்ணின் சொல்லாக இருக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் எனக்கும் உண்டு. ஆனாலும் உதிரியை ஏற்கத் தயங்குகிறேன். பழுத்தது தானாகவே உதிரும், டிரிப்சினோ இடம் பார்த்து வெட்டுகிறது. குலையில் எல்லாப் பழமும் ஒரே காம்பைப் பற்றியிருக்கும், புரதமோ ஒற்றைச் சங்கிலி. உதிரிக்கு வரிசை கிடையாது என்பதுதான் பெரிய குறை. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அமினோ அமிலங்கள் நிற்கும் வரிசையை வைத்துத்தான் புரதத்தை அடையாளம் காண்கிறோம்.

கரும்பைப் பாருங்கள். நடுவதற்குக் கணு எண்ணி வெட்டிய துண்டு கரணை. லைசினும் அர்ஜினினும் கணுக்கள், வெட்டிக் கிடைப்பது 'புரதக் கரணை'. இதிலிருந்து மற்ற சொற்களும் தாமே முளைக்கும். டிரிப்சின் வெட்டத் தவறிய இடம் 'விட்ட கணு'. கணுவை அடுத்துப் புரோலின் என்ற அமினோ அமிலம் இருந்தால் வெட்டு விழாது. யூரியாக் கரைசலைச் சூடாக்கினாலும் இதே கெடுதல்தான்: அதில் உண்டாகும் சயனேட்டு லைசினில் ஒட்டி அதன் பொருண்மையை 43 டால்டன் (மூலக்கூறுப் பொருண்மை அலகு) கூட்டும், பிறகு டிரிப்சினுக்கு அந்தக் கணு தெரியாது. யூரியா உள்ளவரை 37 டிகிரியைத் தாண்ட வேண்டாம் என்பது இதனால்தான்.

தலைமுடி, தோல் ஆகியவற்றின் கெரட்டின் கலந்தால் அது 'வேற்றுக்கரணை'. இரப்பர் கையுறை போட்டால் பால் மரத்தின் புரதமும் வந்து சேரும், நைட்ரைல் கையுறையே நல்லது.

தெலுக் இந்தானிலிருந்து:

கரணை நல்ல சொல். லைசின், அர்ஜினின் என்று வரையறையில் மட்டும் பூட்டிவிடாதீர்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையான எச்.பி.ஏ.1சி-யின் அனைத்துலக மேற்கோள் முறையில் டிரிப்சினே இல்லை. குளூ-சி என்ற நொதி, ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி முனையிலிருந்து ஆறு அமினோ அமிலங்களை வெட்டியெடுக்கும். கடைசியில் நிற்பது குளுட்டமிக் அமிலம். முதலில் நிற்கும் வாலினில் குளுக்கோஸ் ஒட்டியிருந்தால் பொருண்மை 162 டால்டன் கூடும். கருவி பொருண்மையை மின்னூட்டத்தால் வகுத்தே காட்டும்; கரணை இரண்டு மின்னூட்டம் ஏற்பதால் அதன் பொருண்மை பாதியாகத்தான் தெரியும்: ஒட்டாதது 348, ஒட்டியது 429. இவ்விரண்டின் விகிதமே விடை. சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தில் அதே வாலினில் யூரியாவின் சயனேட்டு ஒட்டக்கூடும். மின்னூட்டத்தை மட்டும் வைத்துப் பிரித்த சில பழைய முறைகள் அதையும் சர்க்கரையாகக் கணக்கிட்டன. 43-உம் 162-உம் பொருண்மைமானிக்கு வேறு வேறு.

ஆகவே கணு எது என்பதை நொதிதான் முடிவு செய்கிறது. வரையறை இப்படி இருக்கட்டும்: 'ஒரு நொதி தனக்குரிய கணுக்களில் வெட்டியதால் கிடைக்கும் புரதத் துண்டு கரணை.'

சுங்கை சிப்புட்டிலிருந்து:

ஏற்கிறேன். வரிசை பற்றிய வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஒரே கவலை, இங்குள்ள இளையோர் பொங்கலுக்கு முழுக் கரும்பைத்தான் பார்க்கிறார்கள், கரணை நட்டவர்கள் குறைவு. அதனால் முதல் முறை வருமிடத்தில் 'கரும்பைக் கணு பார்த்து வெட்டுவதுபோல்' என்று சேர்க்கிறேன்.

இன்னொரு சொல்லும் தேவை. அளவு தெரிய, கனமான அணு வகைகளான கார்பன்-13, நைட்ரஜன்-15 கொண்ட லைசின் வைத்துச் செய்த அதே கரணையைத் தெரிந்த அளவில் கலக்கிறோம். 8 டால்டன் கூடுதல், மற்றபடி நடத்தை ஒன்றே. 'கனநீர்' வழக்கில் இருப்பதால் இதைக் 'கனக்கரணை' என்கிறேன்.

ஈப்போவிலிருந்து:

கனக்கரணை பொருந்துகிறது ஐயா. ஒன்றை மட்டும் குறிப்பில் எழுதுங்கள்: வெட்டி முடித்த பின் கனக்கரணை சேர்த்தால், வெட்டும்போது நேர்ந்த இழப்பை அது காட்டாது. அதற்கு முழுப் புரதத்தையே கனமாகச் செய்து தொடக்கத்திலேயே கலக்க வேண்டும். அதற்குக் 'கனப்புரதம்'. விளக்கத்தாளுக்கு இந்த வரி போதும் என்று நினைக்கிறேன்: 'உங்கள் இரத்தத்திலுள்ள புரதங்களை, கரும்பைக் கணு பார்த்து வெட்டுவதுபோல் சிறு கரணைகளாக வெட்டி, ஒவ்வொன்றின் பொருண்மையையும் அளப்போம்.'